சிகாகோ ‘பீன்’ பார்க்கப் போறியா?

மாமியாரும் மாமனாரும் வர்றாங்கன்னு சொன்னியே, மில்லேனியம் பார்க்குக்கு எப்படியும் கூட்டிட்டுப் போவே. சிற்பி அனிஷ் கபூரோட ‘கிளவுட் கேட்’, கண்ணாடி மாதிரி பளபளக்கிற எஃகுச் சிற்பம், அங்கேதான் இருக்கு. ஊரே அதுக்கு ‘பீன்’னு பேர் வெச்சிருக்கு. டிக்கெட் கிடையாதுங்கிறதாலேயே பத்து நிமிஷத்துல பார்த்துட்டு ஓடி வந்துடாதேடி.

காலையிலேயே போயிடு. கூட்டமும் கம்மி, ஏரிப் பக்கத்து வெயில் மிஷிகன் அவென்யூ கட்டடங்க மேல நேரா விழும். அந்தத் தெருவுப் பக்கமா நின்னா, உன் முதுகுக்குப் பின்னால இருக்கிற கட்டடமெல்லாம் எஃகுல வளைஞ்சு பளிச்சுனு தெரியும். மாமியாரை நல்ல அரக்குப் புடவையா கட்டச் சொல்லு. புடைச்ச கண்ணாடியில ஆளெல்லாம் கட்டைவிரல் அளவுதான். சாம்பல் கலர் கோட்டுல போனா நம்மளை நாமளே தேடணும்.

168 எஃகுத் தகடுகளை வெல்டிங் பண்ணி, தேய்ச்சு மெருகேத்தினது அது. 2004ல ஜனங்களுக்குக் காட்டினப்போ இணைப்புக் கோடு தெரிஞ்சுது. 2006லதான் வேலை முடிஞ்சுது. “கோடு எங்கே, கண்டுபிடி”ன்னு பிள்ளைகளை விட்டுடு, உனக்குக் கொஞ்ச நேரம் நிம்மதி. தொட்டா யாரும் விரட்ட மாட்டாங்க.

முக்கியமா அடியில போகணும். நடுவுல 12 அடி உயரத்துக்கு வளைவு இருக்கு. உள்ள நின்னு அண்ணாந்து பாரு, கூரை மேல மேல குழிஞ்சு போகும். உன் முகம் ஒரு இடத்துல இழுபடும், ஓரடி நகர்ந்தா நாலா பிரியும். எல்லாரும் போனைத் தூக்கிப் பிடிச்சுட்டு நிப்பாங்க. நீ தரையில மல்லாத்தி வை, செல்ஃபி கேமராவுல டைமர் போடு, சுத்தி நின்னு எல்லாரும் குனிங்க. குடும்பம் மொத்தமும் விழும், தலைக்கு மேல இன்னொரு குடும்பமும் விழும்.

கோடைன்னா பிள்ளைகளுக்கு மாத்துத் துணியும் துண்டும் அவசியம். பக்கத்துலேயே கிரவுன் ஃபவுண்டன். 50 அடி கண்ணாடிக் கோபுரத்துல தெரியற முகம் வாயிலிருந்து தண்ணி கொட்டும். ‘நனையாதே’ன்னு சொல்றது வீண். குளிர்காலம்னா ஏரிக்காத்து காதைப் பிய்ச்சிடும், மாமனாருக்கு மங்கி குல்லா மறக்காதே.

அவர் கால் ஒத்துழைச்சா, தெற்கே கொஞ்சம் நடந்தா ஆர்ட் இன்ஸ்டிடியூட். 1893ல விவேகானந்தர் பேசினது அந்தக் கட்டடத்துலதான். உள்ள போக டிக்கெட் உண்டு. ஓவியம் பார்க்கிற ரகம் இல்லைன்னா, வாசல்ல இருக்கிற வெண்கலச் சிங்கத்தோட ஒரு போட்டோ எடுத்துக் கொடு. ஊர் வாட்ஸ்அப் குரூப்புக்கு அதைத்தான் முதல்ல அனுப்புவார்.