காருக்கு அடியில் படுக்கும் முன்...



விடுமுறை நாட்களில் நம் மஹல்லாவில் பலர் தங்கள் காரைத் தாங்களே பார்த்துக்கொள்கிறார்கள். ஆயில் மாற்றுவது, சக்கரத்தைக் கழற்றிப் பிரேக்கைப் பார்ப்பது போன்ற வேலைகளை வீட்டு வாசலிலேயே முடிக்கிறார்கள். செலவு மிச்சம், நல்ல பழக்கமே. ஆனால் ஜாக்கி ஒன்றை மட்டும் நம்பி, தூக்கிய காருக்கு அடியில் படுத்து விடுவதையும் பார்க்கிறோம். அதனால்தான் இந்தப் பாடம்.

சிறிய கார்கூடப் பெரும்பாலும் 700 கிலோவுக்கு மேல் இருக்கும். டிராலி ஜாக்கி அதைத் தாங்குவது உள்ளே அடைபட்டிருக்கும் எண்ணெயின் அழுத்தத்தால். அதைக் காப்பது சிறு ரப்பர் வளையங்களும் ஒரு வால்வும்தான். ரப்பர் தேய்ந்தாலோ, வால்வில் தூசி சிக்கினாலோ, யாரேனும் தெரியாமல் கைப்பிடியைத் திருப்பிவிட்டாலோ கார் இறங்கிவிடும். தூக்குவது ஜாக்கியின் வேலை. தாங்குவது ஸ்டாண்டின் வேலை. இதை மறக்க வேண்டாம்.

செய்ய வேண்டிய முறை:

1. சமமான, கெட்டியான சிமெண்டுத் தரையில் காரை நிறுத்துங்கள். தூக்கும்போது டிராலி ஜாக்கி சற்று உருண்டு நகர வேண்டும். மண்ணில் அதன் சக்கரம் புதைந்தால் ஜாக்கி நழுவும்.

2. கைப்பிரேக் போட்டு, முதல் கியரில் நிறுத்துங்கள். ஆட்டோமேட்டிக் காரானால் பார்க்கில் வையுங்கள். தரையில் இருக்கப்போகும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். பெரும்பாலான கார்களில் கைப்பிரேக் பின் சக்கரங்களை மட்டுமே பிடிக்கும். பின்பக்கத்தைத் தூக்கினால் அந்தப் பிடி பயன்படாது. முன் சக்கரங்களுக்குக் கட்டை கட்டாயம்.

3. சக்கரம் கழற்றுவதானால், தூக்கும் முன்பே நட்டுகளை அரைச் சுற்று தளர்த்திவிடுங்கள். தூக்கிய பின் பலம் கொடுத்து இழுத்தால் கார் ஆடும்.

4. ஜாக்கி வைக்கும் இடங்கள் காருடன் வந்த புத்தகத்தில் படத்துடன் இருக்கும். அங்கு மட்டும் வையுங்கள். ஆயில் தொட்டிக்கோ மெல்லிய தகட்டுக்கோ கொடுக்கக் கூடாது.

5. காரின் எடைக்கேற்ற ஸ்டாண்டுகளை இருபுறமும் ஒரே உயரத்தில் வைத்து, ஜாக்கியை மெதுவாக இறக்கி எடையை அவற்றின் மேல் அமர்த்துங்கள். வெளியே நின்றபடியே காரைத் தள்ளிப் பாருங்கள். ஆடினால் இறக்கிவிட்டு மீண்டும் தொடங்குங்கள். கழற்றிய சக்கரத்தைக் காரின் ஓரத்துக்கு அடியில் படுக்க வைப்பது கூடுதல் காவல்.

6. இறக்கும் முன் அடியில் குழந்தையோ பூனையோ கருவியோ இல்லை என்று குனிந்து பாருங்கள். இறக்கிய பின் நட்டுகளை எதிரெதிராக மாற்றி மாற்றி முறுக்குங்கள்.

செங்கல், ஹாலோ பிளாக் ஆகியவற்றை முட்டுக் கொடுக்காதீர்கள். அவை முன்னறிவிப்பின்றி நொறுங்கும். டிக்கியில் இருக்கும் சிறிய ஜாக்கி பஞ்சரான சக்கரத்தை மாற்ற மட்டுமே. அதை நம்பி அடியில் போகக் கூடாது. காருக்குள் யாரும் உட்கார்ந்திருக்கக் கூடாது. தனியாகவும் வேலை செய்யாதீர்கள்; பெரியவர் ஒருவர் அருகில் இருக்கட்டும். கார் சாயத் தொடங்கினால் கையால் தாங்கப் பார்க்காமல் விலகிவிடுங்கள். யாரேனும் சிக்கிக்கொண்டால் உடனே 108-ஐ அழையுங்கள்.

ஸ்டாண்டு வாங்கச் செலவாகுமே என்று தயங்க வேண்டாம். நான்கைந்து வீட்டார் சேர்ந்து ஒரு ஜோடி வாங்கி மாறி மாறிப் பயன்படுத்தலாம். அதுவும் அண்டை வீட்டாருக்குச் செய்யும் உதவியே.

ஒட்டகத்தைக் கட்டிய பிறகு தவக்குல் வைக்கக் கற்றுத் தந்த மார்க்கம் நம்முடையது. உயிர் அல்லாஹ் தந்த அமானிதம். பிஸ்மில்லாஹ் சொல்லி வேலையைத் தொடங்கும் நாம், ஸ்டாண்டையும் வைத்துவிட்டே அடியில் செல்வோம். அல்லாஹ் நம் குடும்பங்கள் அனைத்தையும் பாதுகாப்பானாக. ஆமீன்.