எல்லை காக்கும் சவ்வு

நுழையும்முன்

ஜவ்வாது மலையின் அடிவாரத்தில், வேலூரிலிருந்து ஏறத்தாழ 25 கி.மீ. தொலைவில் அமைந்துள்ளது அமிர்தி. இத்தகைய காட்டோரங்களிலும் அவற்றை ஒட்டிய வயல்களிலும் வாழும் நச்சுப்பாம்புகளுள் ஒன்று கண்ணாடி விரியன். அதன் நஞ்சு தாக்கும் இலக்குகளுள் ஒன்று, கண்ணுக்குப் புலப்படாத செல் சவ்வு. அச்சவ்வின் அமைப்பை அறிந்தால், பாம்புக்கடிக்கு ஏன் விரைந்து மருத்துவம் பெற வேண்டும் என்பதும் விளங்கும்.

ஈரடுக்கு அமைப்பு

செல் சவ்வின் தடிமன் ஏறத்தாழ 7 முதல் 8 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டரை ஓர் இலட்சம் கூறுகளாக்கினால், அக்கூறு ஒன்றைவிடவும் இது மெல்லியது. இதன் அடிப்படை அலகு பாஸ்போலிப்பிடு மூலக்கூறு. அதற்கு நீரை விரும்பும் ஒரு தலையும், நீரை வெறுக்கும் இரு கொழுப்பு அமில வால்களும் உண்டு. செல்லின் உள்ளும் புறமும் நீர் உள்ளது. ஆதலால் தலைகள் இருபுறமும் நீரை நோக்க, வால்கள் நடுவே மறைந்து நிற்கின்றன. 1925இல் கோர்ட்டர், கிரெண்டல் ஆகியோர் சிவப்பணுக்களின் லிப்பிடுகளை நீரின்மேல் ஒற்றைப் படலமாகப் பரப்பினர். அதன் பரப்பு, அணுக்களின் புறப்பரப்பைப்போல் ஏறத்தாழ இருமடங்காக இருந்தது. ஈரடுக்கு என்னும் கருத்து இவ்வாறு பிறந்தது.

பாய்மத் திட்டு மாதிரி

சிங்கர், நிகல்சன் ஆகிய இருவரும் 1972இல் இம்மாதிரியை முன்வைத்தனர். இதன்படி, லிப்பிடுகள் இறுகி நில்லாமல் பக்கவாட்டில் நகர்கின்றன. அவற்றிடையே புரதங்கள் திட்டுத்திட்டாகப் பதிந்துள்ளன. மனிதச் சிவப்பணுச் சவ்வில் புரதம் ஏறத்தாழ 52 விழுக்காடு. லிப்பிடு 40 விழுக்காடு. புரதங்களுள் சில வாயில்களாக நின்று, வேண்டுவனவற்றை மட்டும் கடத்துகின்றன.

நஞ்சும் சவ்வும்

கண்ணாடி விரியனின் நஞ்சில் பாஸ்போலிப்பேஸ் ஏ2 என்னும் நொதி உள்ளது. அது பாஸ்போலிப்பிடின் இரு வால்களுள் ஒன்றை வெட்டிவிடுகிறது. ஒற்றை வால் கொண்ட மூலக்கூறு ஈரடுக்கில் செவ்வனே பொருந்துவதில்லை. இத்தகையவை பெருகப் பெருகச் சவ்வு நிலைகுலைந்து செல் சிதைகிறது. நஞ்சின் பிற புரதங்கள் இரத்தம் உறையும் ஒழுங்கைக் கெடுக்கின்றன.

நச்சுமுறி மருந்து உடலில் உலவும் நஞ்சைப் பற்றிச் செயலிழக்கச் செய்யும். ஆனால் சிதைந்த செல்லை மீட்காது. எனவே, கடிவாயைக் கீறுவதும் இறுகக் கட்டுவதும் தவறு. கடிபட்ட உறுப்பை அசைக்காமல், உடனே மருத்துவமனை சேர்ப்பதே முறை.

தெரிந்து தெளிவோம்

நச்சுமுறி மருந்து செய்யப் பாம்பின் நஞ்சே தேவை. 1978இல் தோன்றிய, வடநெம்மேலியிலுள்ள இருளர் பாம்பு பிடிப்போர் தொழில் கூட்டுறவுச் சங்கம் அந்நஞ்சைச் சேகரித்து வழங்கிவருகிறது.

சிந்தித்து விடை தருக

நச்சுமுறி மருந்து தாமதமாகக் கிடைப்பின் அதன் பயன் குறைவது ஏன்? சவ்வின் அமைப்பைக் கொண்டு விளக்குக.