கிராமத்தில் நர்சாக வேலை பார்க்க எதைப் படிப்பது?

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் ஸ்ரீரங்கத்தில் என் வீட்டுக்கு மார்க் ஷீட்டும் கையுமாக ஆட்கள் வர ஆரம்பித்துவிடுவார்கள். திருச்சி மாவட்டக் கிராமங்களில் சுகாதார நர்சாக இருந்து ஓய்வு பெற்றவள் என்பதால் என்னிடம் யோசனை கேட்கிறார்கள். பெண்ணிடம் கேள்வி கேட்டால் அப்பா பதில் சொல்கிறார்: “பி.எஸ்ஸி. நர்சிங்தான் மேடம். முடிச்ச கையோட ஜெர்மனி.” அந்தப் பெண்ணுக்கு ரத்தத்தைப் பார்த்தாலே தலை சுற்றும் என்பதைக் கிளம்பும்போது அம்மா தனியாகச் சொல்லிவிட்டுப் போகிறார்.

கிராமத்தில், வசதியில்லாத ஜனங்களுக்கு நடுவில் வேலை பார்க்க ஆசைப்படும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். டாக்டர் படிப்புக்கு வழி சொல்ல ஊரெல்லாம் ஆள் இருக்கிறது, அதை விட்டுவிடுகிறேன். மூன்று வருட ஜி.என்.எம். (பொதுச் செவிலியர்) டிப்ளமாவுக்கு அரசு ஆஸ்பத்திரிப் பள்ளியில் இடம் கிடைத்தால் யோசிக்காமல் சேருங்கள்.

பி.எஸ்ஸி. நர்சிங் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது. நான்கு வருடப் படிப்பு, நல்ல படிப்பு. ஐ.சி.யூ.வில் நிற்கவோ, பாடம் நடத்தும் வேலைக்குப் போகவோ அது உதவும். ஆனால் இன்றைக்கு அதை விசா வாங்கும் வழியாக மட்டுமே பார்க்கிறார்கள். ஜெர்மனியில் முழுத் தகுதியுள்ள நர்சாகப் பதிவு பெற பொதுவாக பி2 அளவுக்கு ஜெர்மன் தெரிந்திருக்க வேண்டும். அமெரிக்காவுக்கு என்கிளெக்ஸ் தேர்வு. வளைகுடாவில் ஒவ்வொரு நாட்டுக்கும் தனி லைசென்ஸ். ஏஜென்ட் இதையெல்லாம் முன்பணம் வாங்கிய பிறகுதான் சொல்வார். அதற்குள் கல்விக் கடனுக்கு வட்டி ஏறியிருக்கும். எனக்குத் தெரிந்த ஒரு பெண் படித்த கல்லூரியில், அவர்கள் ஆஸ்பத்திரியிலேயே சொற்பச் சம்பளத்துக்கு வேலை பார்த்தால்தான் ஒரிஜினல் சான்றிதழ் என்று பிடித்து வைத்துக்கொண்டார்கள். அந்தக் குடும்பம் பட்ட பாடு கொஞ்சமல்ல.

இன்னொன்றும் என்னை உறுத்துகிறது. பாடத்திட்டத்தில் சமுதாய நலச் செவிலியம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் பல கல்லூரிகளில் அது, ஒரு பஸ் பிள்ளைகள் ஊருக்குள் இறங்கி, சார்ட்டைக் காட்டி, போட்டோ எடுத்துக்கொண்டு ஏறுவதோடு முடிந்துவிடுகிறது. நலவாழ்வு மையங்களில் எம்.எல்.எச்.பி. (இடைநிலைச் சுகாதாரப் பணியாளர்) ஆக பி.எஸ்ஸி. முடித்தவர்களும் கிராமத்துக்கு வரலாம், ஒப்பந்த வேலைதான். வந்தவர்களில் தங்கமானவர்களைப் பார்த்திருக்கிறேன். வழி தெரியாமல் வந்து அழுதவர்களையும் பார்த்திருக்கிறேன்.

என் மனம் ஏ.என்.எம். (துணைச் செவிலியர்) படிப்பின் பக்கம்தான் சாய்கிறது, அதை மறைக்கவில்லை. ப்ளஸ் டூவில் எந்த குரூப் எடுத்திருந்தாலும் சேரலாம், இரண்டே வருடம். கிராம சுகாதார செவிலியர் வேலைக்கு அதுதான் தகுதி. 2023-இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் 2,250 இடங்களுக்கு அறிவிப்பு விட்டது. வருடா வருடம் இப்படி வராது, காத்திருக்கத்தான் வேண்டும். ஒரு துணை சுகாதார நிலையத்துக்குச் சமவெளியில் 5,000 பேர், மலைப்பகுதியில் 3,000 பேர் என்பது கணக்கு. அத்தனை பேருக்கும் நீங்கள் ‘நர்சம்மா’. புதன்கிழமை தடுப்பூசிக்கு ஐஸ் பேக் வைத்த பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவீர்கள். மருந்துக் குப்பியின் மேல் ஒரு சின்ன வட்டம், அதற்குள் ஒரு சதுரம் இருக்கும். சதுரம் வட்டத்தைவிட வெளுப்பாக இருந்தால் ஊசி போடலாம். இரண்டும் ஒரே நிறமாகிவிட்டால் சூடு பட்ட மருந்து, ஒதுக்கிவிட வேண்டும். வாசலில் கைக்குழந்தைகளோடு எத்தனை பேர் காத்திருந்தாலும் அந்தச் சதுரத்தைப் பார்க்காமல் ஊசியைத் தொடக் கூடாது. படிப்பு என்று நான் சொல்வது இந்தப் பழக்கத்தைத்தான்.

பையன்களுக்குச் சுகாதார ஆய்வாளர் படிப்பு இருக்கிறது. ப்ளஸ் டூவில் உயிரியல் படித்திருக்க வேண்டும், இரண்டு வருடம். திண்டுக்கல் பக்கம் காந்திகிராமத்தில் இதற்குப் பேர்பெற்ற பயிற்சி நிலையம் உண்டு. வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்தில் ஸ்ரீரங்கம் திணறும்போது குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கிறதா என்று பார்ப்பது இவர்கள் வேலைதான். மதிப்பான வேலை, ஏனோ யாரும் கேட்டு வருவதில்லை.

ஊரை விட்டு நகர முடியாத பெண்களுக்கு 2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் தன்னார்வலர் பணி உண்டு. வீடு வீடாகப் போய் பிரஷர், சுகர் பார்த்து மாத்திரை கொடுப்பது. ஊக்கத்தொகை குறைவு; நல்ல தொடக்கம். ‘ஒரே வருடத்தில் நர்ஸ்’ என்ற விளம்பரப் பலகைகளை மட்டும் திரும்பிப் பார்க்காதீர்கள். தமிழ்நாடு நர்ஸ்கள் மற்றும் தாதியர் கவுன்சிலில் பதிவு செய்ய முடியாத படிப்புக்கு ஒரு ரூபாய்கூடக் கட்டக் கூடாது.

மார்க்கைவிடச் சுபாவம் முக்கியம். தர்மபுரி மாவட்டம் சிட்லிங்கியில் டாக்டர் ரெஜி ஜார்ஜும் டாக்டர் லலிதாவும் 1993-இலிருந்து அந்த மலைப் பழங்குடிப் பெண்களையே சுகாதாரப் பணியாளர்களாகப் பழக்கி ஆஸ்பத்திரி நடத்துகிறார்கள். சுபாவம் எதற்கென்றால், துறையூர் தாண்டிப் பச்சைமலையில் ஒரு கர்ப்பிணி, இரும்புச்சத்து மாத்திரை வயிற்றைப் பிரட்டுகிறது என்று பானைக்குப் பின்னால் ஒளித்து வைப்பாள். கோபப்படாமல் உட்கார்ந்து, சாப்பிட்ட பிறகு போடு, டீயோடு சேர்க்காதே என்று சொல்லிவிட்டு, மறுபடி போய்ப் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகும் போக வேண்டும். உங்கள் பெண் அப்படிப் போகக்கூடியவளா என்று தெரிய, விண்ணப்பம் வாங்கும் முன்பு பக்கத்து ஊர் நர்சிடம் கேட்டு ஒரு புதன்கிழமை அவளைக் கூட அனுப்பிப் பாருங்கள். திரும்பி வந்ததும் அவளிடமே கேளுங்கள். அப்பா குறுக்கே பேச வேண்டாம்.