உலை ஒன்று, கை பல: பெற்றோரும் வளர்ந்த பிள்ளைகளும் செலவைப் பகிர்ந்துகொள்ளல்

"தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு" என்று எமது ஊர்களில் சொல்வார்கள். கேட்பதற்குக் கடுமையான சொல்தான். ஆயினும் இடம்பெயர்ந்து, ஒரே கூரையின் கீழ் இரண்டு மூன்று குடும்பங்கள் ஒரே உலையில் சோறாக்கி வாழ நேர்ந்தவர்களுக்கு அதன் உண்மை நன்கு தெரியும். பெற்றோரும் உழைக்கும் பிள்ளைகளும் வீட்டுச் செலவை மனக்கசப்பின்றிப் பகிர்ந்துகொள்வது எவ்வாறு என இப்பாடத்தில் நோக்குவோம்.

காணி இருந்த காலம்

சொந்த ஊரில் இந்தக் கேள்வி பெரிதாக எழவில்லை. மகன் தனி அடுப்பு மூட்டினாலும், அறுவடை முடிந்ததும் தகப்பன் இரண்டு மூடை நெல் அனுப்புவார். மகள் வந்து போகும்போது தாய் தேங்காயும் முருங்கைக்காயும் கட்டிக் கொடுப்பார். கொடுக்கும் கை பெற்றோருடையதாகவே இருந்தது. ஒல்லாந்தர் காலத்தில், 1707 இல் சட்டமாக்கப்பட்ட தேசவழமையும் இவ்வாறே அமைந்திருந்தது. பெற்றோர் உயிருடன் இருக்கும்வரை ஆண்பிள்ளைகள் முதுசத்தில் பங்கு கேட்க முடியாது. மணமாகும் முன் அவர்கள் உழைத்ததும் குடும்பத்தின் பொதுச் சொத்தோடு சேர்ந்தது.

1990 யூனில் வலிகாமம் வடக்கிலிருந்தும், 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமம் எங்கிலுமிருந்தும், 2008, 2009 ஆம் ஆண்டுகளில் வன்னியிலிருந்தும் மக்கள் வெளியேறியபோது காணி பின்னே நின்றுவிட்டது. பின்னர் காணியைத் திரும்பப் பெற்றவர்களில் பலருக்கும் அது பற்றைக் காடாகவே கிடைத்தது. வயலுக்குச் சொந்தக்காரராய் இருந்தவர் வெற்றிலைக்கும் மகனின் முகத்தைப் பார்க்க வேண்டியதாயிற்று. மகனோ நாட்கூலியில் இரண்டு குடும்பங்களைத் தாங்கத் திணறுகிறான். இருவரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. பல வீடுகளில் மனக்கசப்பு இங்குதான் தொடங்குகிறது.

மூன்று குவியல்கள்

கமக்காரன் சூடடித்த நெல்லை ஒரே குவியலாக விடுவதில்லை. விதைநெல், சாப்பாட்டு நெல், விற்கும் நெல் எனப் பிரித்து வைக்கிறான். வீட்டுக் காசையும் அவ்வாறே பிரித்துப் பார்ப்போம்.

1. பொதுச் செலவு. அரிசி, விறகு, விளக்கு, மருந்து, பிள்ளைகளின் கொப்பி ஆகியவை இதில் அடங்கும். இதனைத் தலைக்கு இவ்வளவு எனச் சமமாகப் பிரிக்காது, வரவுக்கேற்பப் பிரிப்பதே நியாயம். உதாரணமாக, மாதப் பொதுச் செலவு 40,000 ரூபா என வைப்போம். மகனின் வரவு 60,000, மகளின் வரவு 30,000, கமக்காரர் ஓய்வூதியமும் முட்டை விற்ற காசுமாகத் தகப்பனின் வரவு 10,000. சமமாகப் பிரித்தால் ஒவ்வொருவருக்கும் 13,000 ரூபாவுக்கு மேல் வரும். அது தகப்பனின் முழு வரவையும் விடக் கூடியது. ஒவ்வொருவரும் தம் வரவில் ஐந்தில் இரண்டு பங்கைப் போட்டால் 24,000, 12,000, 4,000 என 40,000 நிறைகிறது. தகப்பனும் பங்கு போட்டவராகப் பாயில் அமர்ந்து சாப்பிடுகிறார். அவர் கையில் 6,000 ரூபா மிஞ்சவும் செய்கிறது. காசு வரவில்லாத தாய் சமைப்பதும் பேரப்பிள்ளைகளைப் பார்ப்பதும் அவருடைய பங்கு என எல்லோரும் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

2. கடன். நீர் இறைக்கும் இயந்திரம் வாங்கவும் வீட்டை முடிக்கவும் ஒருவர் மற்றவருக்குக் கொடுப்பது இது. 2012 முதல் இந்திய வீட்டுத்திட்டத்தில் புதிய வீடொன்றுக்கு 550,000 ரூபா வழங்கப்பட்டது. அது போதாமல் பலர் தாயின் நகையை அடகு வைத்தும், பிள்ளைகளின் காசைச் சேர்த்தும் வீட்டை முடித்தனர். நகையை மீட்பது யார் பொறுப்பு, வீட்டில் யாருக்கு எவ்வளவு பங்கு என்பவை முதல் நாளிலேயே பேசப்பட வேண்டியவை. தொகை, திகதி, திருப்பித் தரும் காலம் மூன்றையும் கொப்பியில் எழுதி இருவரும் கையொப்பமிடுங்கள்.

3. கொடை. இது கணக்கில் எழுதாதது, பின்னர் சொல்லிக்காட்டாதது. தகப்பன் தம்மிடம் மிஞ்சிய காசில் பேத்திக்குச் சட்டை வாங்கினாலும், அயலில் செத்தவீட்டுக்குக் கொடுத்தாலும் "ஏன்?" என்று பிள்ளைகள் கேட்கலாகாது. முதியோர் கொடுப்பனவு வருமாயின் அதுவும் அவருடையதே. கையில் ஒன்றும் இல்லாதவர் எவருக்கும் கொடுக்க முடியாது. கொடுக்க முடியாத முதியவர் தன் வீட்டிலேயே விருந்தாளி ஆகிவிடுகிறார். பெற்றோரும் ஒரு பிள்ளையிடம் வாங்கி இன்னொரு பிள்ளைக்கு ஒளித்துக் கொடுத்தல் ஆகாது. தேவைப்பட்ட பிள்ளைக்குக் கூடக் கொடுப்பதில் தவறில்லை. அதை மற்றவர்கள் அறியக் கொடுங்கள்.

உறுதி எழுதும்போது

"இனி எல்லாம் பிள்ளைகளுக்குத்தானே" என்று இருக்கும் காணியை அவசரப்பட்டு எழுதிக் கொடுக்காதீர்கள். நன்கொடை உறுதியில் சீவிய உரித்தைத் தமக்கென வைத்துக்கொள்ள வழியுண்டு. அவ்வாறு எழுதினால் உயிருள்ளவரை அந்த வளவில் இருக்கவும் பயனை எடுக்கவும் பெற்றோருக்கு உரிமை இருக்கும். நொத்தாரிசிடம் இதனைக் கேட்டு எழுதுவியுங்கள். அரச அனுமதிப்பத்திரக் காணியாயின் முதலில் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள்.

2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், பெற்றோரைப் பராமரிப்பது பிள்ளைகளின் கடமை என்கிறது. தம்மைப் பராமரிக்க வசதியற்ற, 60 வயதைக் கடந்த பெற்றோர் முறையிடுவதற்கு ஒரு சபையும் அச்சட்டத்தில் உண்டு. கைவிடப்பட்டவர்களுக்கு இது ஒரு துணை. ஆனால் சபைக்குப் போகும் நிலை வருமுன், மாதத்தில் ஒரு மாலை எல்லோரும் கூடியிருந்து கொப்பியை விரித்துப் பேசினால் பல வீடுகளுக்கு அந்தத் தேவை எழாது.

குழுவாகக் கலந்துரையாடுவோம்

1. எமது வீட்டில் பொதுச் செலவு எவ்வளவு? அது எல்லோருக்கும் தெரியுமா?

2. எமது பெற்றோரின் கையில் அவர்கள் விரும்பியபடி செலவிட மாதம் எவ்வளவு மிஞ்சுகிறது?

3. கடனா கொடையா எனத் தெளிவில்லாமல் எமக்குள் கிடக்கும் காசு ஏதும் உண்டா? அதை யார் முதலில் பேசத் தொடங்குவது?