அரிவாள் அணு இரத்தசோகை: நோயாளிகளோடு நாட்களையும் எண்ணுவோம்

நீலகிரிப் பழங்குடியினரிடையே அரிவாள் அணுப் பண்பு காணப்படுவதை லேமன், கட்புஷ் என்னும் ஆய்வாளர்கள் 1952ஆம் ஆண்டில் வெளிப்படுத்தினர். நீலகிரியை அடுத்துப் பாலக்காடு மாவட்டத்தில் அமைந்த அட்டப்பாடியின் பழங்குடி மக்களிடமும் இப்பரம்பரை நோய் உள்ளது.

சிவப்பணுக்கள் அரிவாள் போல் வளைந்து நுண்ணிய இரத்தக் குழாய்களை அடைப்பதே இந்நோயின் இயல்பாகும். தாய், தந்தை இருவரிடமிருந்தும் குறையுள்ள மரபணுவைப் பெறும் குழந்தைக்கே நோய் உண்டாகிறது. ஒருவரிடமிருந்து மட்டும் பெறுபவர் அதனைச் சுமப்பவரேயன்றி நோயாளி அல்லர். சுமப்பவர் இருவர் மணந்தால், ஒவ்வொரு மகப்பேற்றிலும் குழந்தைக்கு நோய் வரும் வாய்ப்பு 25 விழுக்காடு.

இவை மருத்துவம் கூறுவன. குடும்பத்தின் வரவு செலவை ஆராய்வது சமூக ஆய்வின் கடமை. குளிர், காய்ச்சல், நீர்ச்சத்துக் குறைவு, கடும் உழைப்பு ஆகியவற்றால் வலி திடீரெனத் தோன்றும்; சில நாட்களில் தணியும். அந்நாட்களில் நோயாளியின் கூலியும், துணையிருப்பவரின் கூலியும் இல்லை. பிள்ளைக்கு நோயெனில் பள்ளிப்படிப்பும் தடைப்படும்.

தேசிய மாதிரி ஆய்வின் 2017-18ஆம் ஆண்டு உடல்நலக் கணக்கெடுப்பு, முந்தைய 15 நாட்களில் கண்ட நோய்களையும், 365 நாட்களில் மருத்துவமனையில் தங்கிப் பெற்ற சிகிச்சையையும் வினவியது. நாடு தழுவிய மதிப்பீட்டிற்கு இம்முறை ஏற்றதே. ஆயினும், 20 நாட்களுக்கு முன் வலியால் வீட்டிலேயே முடங்கிக் கிடந்தவர் இழந்த நாட்கள் இவ்விரண்டிலும் இடம்பெறா.

எண்ணப்படாத இழப்பு சலுகையிலும் இடம்பெறுவதில்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அரிவாள் அணு நோய், தலசீமியா, ஹீமோபிலியா ஆகிய மூன்றையும் பட்டியலில் சேர்த்தது. எனினும், உயர்கல்வி ஒதுக்கீட்டிற்குக் குறைந்தது 40 விழுக்காடு பாதிப்பு சான்றளிக்கப்பட வேண்டும். அரசுப் பணி ஒதுக்கீட்டை வரையறுக்கும் அச்சட்டத்தின் 34ஆம் பிரிவில் இரத்த நோய்கள் தனி வகையாகக் குறிக்கப்படவில்லை. வந்து வந்து மறையும் வலியை ஒருநாள் பரிசோதனையால் அளவிடுவது எங்ஙனம்?

2047ஆம் ஆண்டிற்குள் இந்நோயை ஒழிக்கும் நோக்குடன் 2023 ஜூலை 1 அன்று தேசிய இயக்கம் தொடங்கப்பட்டது. பழங்குடிப் பகுதிகளில் 40 வயது வரையிலான 7 கோடி மக்களைப் பரிசோதிப்பது அதன் இலக்காயிற்று. பரிசோதனை நோயாளியை இனங்காட்டும்; அவரது வாழ்க்கையைக் காட்டாது. எனவே களஆய்வு மேற்கொள்ளும் மாணவர்கள், ஓராண்டுக் காலம் மாதந்தோறும் ஒவ்வொரு குடும்பமும் இழந்த வேலை நாட்கள், பள்ளி நாட்கள், பயணச் செலவு, பட்ட கடன் ஆகியவற்றைக் குறித்தல் வேண்டும். சுமப்பவர் எனத் தெரிந்தால் திருமணம் தடைப்படுமென அஞ்சுவோர் உண்டாதலால், பெயர்களை மறைத்துக் காப்பதும் ஆய்வாளர் கடமையே. இத்தகைய கணக்கு அதிகாரிகளின் கையில் இருப்பின், உதவித்தொகையின் அளவும் சான்றிதழின் முறையும் நோயின் உண்மையான சுமைக்கேற்ப அமையும்.