ரத்தம் கொடுக்கப் போறவங்க காய்ச்சலை மறைக்கலாமா?



போன கூட்டத்தில் ஒரு அக்கா கேட்டாங்க: "மலேரியா கொசு கடிச்சாத்தானே வரும்? ரத்தம் ஏத்தினாலுமா வரும்?"

வரும். மலேரியாக் கிருமி நம் ரத்தத்தின் சிவப்பு அணுக்களுக்குள்ளேயே குடியிருப்பது. கொசு கடித்தால் முதலில் கல்லீரலுக்குப் போய்ப் பெருகி, அப்புறம்தான் ரத்தத்துக்கு வரும். ரத்தம் ஏற்றும்போதோ நேராகவே உள்ளே போய்விடுகிறது. ரத்த வங்கியில் குளிர்பெட்டியில் வைத்தாலும் பல நாள் சாகாது.

தானமாக வரும் ஒவ்வொரு பை ரத்தத்தையும் எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி, சி, சிபிலிஸ், மலேரியா ஆகிய ஐந்துக்கும் சோதிக்க வேண்டும் என்பது நம் நாட்டு விதி. ஆனா கிருமி ரொம்பக் குறைவா இருந்தா சோதனையிலும் தப்பிடும். அதனாலதான் முதல்லயே கேள்வி கேட்கிறாங்க. மலேரியா வந்தவர் முழுசா குணமாகி 3 மாதம் கழித்துத்தான் கொடுக்கலாம்.

நாம என்ன செய்றோம்? பிரசவத்துக்கு அவசரம்னு, வெளியூர் வேலைக்குப் போய்க் காய்ச்சலோட திரும்பின தம்பியைக் கூட்டிட்டுப் போறோம். "காய்ச்சல்னு வாய் திறக்காதே"ன்னும் சொல்றோம். அவர் கொடுக்கிற ரத்தம் வேறு யாருக்கோ போகலாம்; அவளும் ஒரு பிள்ளை பெற்றவளாக இருக்கலாம்.

ரத்தம் ஏற்றிக்கொண்டவருக்குச் சில நாளோ வாரமோ கழித்துக் குளிர்காய்ச்சல் வந்தால், பால் கட்டின காய்ச்சல்னு வீட்டிலேயே வைத்திருக்காதீங்க. "ரத்தம் ஏத்தினாங்க" என்று டாக்டரிடம் முதலில் சொல்லுங்க. ஆரம்ப சுகாதார நிலையத்தில் மலேரியா சோதனை இலவசம். சீக்கிரம் கண்டுபிடித்தால் மருந்திலேயே குணமாகும்.