தலை குனியச் சொன்ன வீடு

இங்கிலாந்தின் கிராமாந்தரங்களில் இருநூறு, முந்நூறு வருஷத்துக் கல்வீடுகளை விடுமுறைக்கு வருகிறவர்களுக்கு வாரக்கணக்கில் வாடகைக்கு விடுகிறார்கள் என்பதும், அத்தகைய வீட்டில் தங்குவது ஹோட்டலில் தங்குவதைப் போன்றதல்ல என்பதும் புறப்படுமுன்பே எனக்குச் சொல்லப்பட்டவைதாம். ஆனால் சொல்லக் கேட்டதற்கும் தெரிந்துகொண்டதற்கும் இடையில் என் நெற்றியில் ஒரு புடைப்பு எழும்ப வேண்டியிருந்தது. ரெடிங் நகரத்தில் உத்தியோகம் பார்க்கும் என் மகன், அக்டோபர் கடைசியில் பேரனுடைய பள்ளிக்கூடத்துக்கு விடும் ஒரு வார விடுமுறையை உத்தேசித்து, காட்ஸ்வோல்ட்ஸ் என்னும் குன்றுப் பிரதேசத்தில், கோல்ன் நதியோரத்துக் கிராமம் ஒன்றில், வெள்ளிக்கிழமை முதல் வெள்ளிக்கிழமை வரை ஒரு வீட்டை எடுத்திருந்தான். படத்தில் அந்த வீடு தேன் நிறத்தில், வாயிலில் ரோஜாக் கொடியுடன், பூலோக சுவர்க்கமாகத் தோன்றியது. படம் ஜூன் மாதத்தில் எடுத்தது என்பது போய்ச் சேர்ந்த பிறகே புத்திக்கு எட்டியது.

போய்ச் சேர்ந்ததே ஒரு விருத்தாந்தம். மாலை நான்கு மணிக்கு மேல்தான் வீட்டைத் திறந்துகொள்ளலாம் என்று சொல்லியிருந்ததால் சாவகாசமாகக் கிளம்பி, வழியில் தேநீருக்கென்று ஒரு மணி நேரத்தைப் போக்கி, ஆறு மணி சுமாருக்கு, இருட்டுகிற வேளையில் பெரிய சாலையை விட்டு இறங்கினோம். நான்கைந்து பண்ணைகளுக்குச் சேர்ந்தாற்போல் ஒரே தபால் குறியீடு இருப்பது அந்நாட்டுக் கிராமங்களில் சகஜம். வழிகாட்டிவந்த கைபேசியோ அக்குறியீட்டின் நடுப்புள்ளியைத் தேடிப் பிடித்து, ஒரு மாட்டுக் கொட்டிலின் வாசலில் எங்களைக் கொண்டுபோய் நிறுத்தி, வந்து சேர்ந்துவிட்டதாக அறிவித்துவிட்டு மௌனமாயிற்று. சாந்து ஏதும் இல்லாமல் கல்லின்மேல் கல்லாக அடுக்கிய சுவர்கள் இருபுறமும் நெருக்க, ஒரு வண்டி மாத்திரமே போகக்கூடிய அந்தச் சந்தில், எதிரே வந்த டிராக்டருக்கு வழிவிடும் பொருட்டு மகன் நூறு கெஜம் பின்னோக்கி ஓட்ட நேர்ந்தது. ஆகையால் பட்டுத் தெளிந்த முதல் யோசனை இது: வீட்டுக்காரரிடம் எழுத்தில் வழி கேட்டு வாங்குங்கள், அதைக் காகிதத்தில் கையோடு வைத்திருங்கள், வெளிச்சம் இருக்கும்போதே போய்விடுங்கள். அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமையன்று கடிகாரத்தை வேறு ஒரு மணி பின்னுக்குத் தள்ளிவிடுகிறார்கள். அப்புறம் ஐந்து மணிக்கெல்லாம் இராத்திரிதான்.

சாவி, கதவருகே எண் பூட்டுப் போட்ட சிறு பெட்டியில் இருந்தது. மகன் குனிந்து நுழைந்தான், மருமகளும் குனிந்தாள், ஐந்தடி ஏழங்குலம் உயரமுள்ளவன் வெள்ளைக்காரர் தேசத்தில் குனிய வேண்டியிராது என்ற நம்பிக்கையில் பெட்டியும் கையுமாக நிமிர்ந்து நடந்த நான், நிலையின் மேற்கட்டையில் மோதிக்கொண்டேன். ஓக் மரம், காலம் செல்லச் செல்ல இரும்பாக இறுகிவிடும் ஜாதி. மாடிப்படியோ கணப்பை ஒட்டிய சுவருக்குள்ளே, நம் கோபுரங்களின் உட்புறம் ஏறும் படியைப் போலச் சுழன்று போயிற்று. இரவில் எழுந்திருக்க வேண்டிய வயதினர், வீட்டைப் பேசி முடிக்குமுன்பே குளியலறை கீழே இருக்கிறதா மேலே இருக்கிறதா என்று விசாரித்துக்கொள்வது உசிதம். நாங்கள் விசாரிக்கவில்லை, அது கீழே இருந்தது. ஏழு இரவும் நான் அந்தப் படிகளில் உட்கார்ந்து உட்கார்ந்தே இறங்கினேன்.

மறுநாள் காலையில் தெருவில் நின்று பார்த்தபோதுதான் வீட்டின் அழகு பிரத்தியட்சமாயிற்று. கூரை மேல் இருந்தவை மண் ஓடுகளல்ல, கல் ஓடுகள். இறவாரத்தில் முழங்கை நீளத்துக்கு மேலாகத் தொடங்கி, ஏற ஏறச் சிறுத்து, முகட்டருகே உள்ளங்கை அகலத்தில் முடிந்தன. அருகிலுள்ள ஆக்ஸ்ஃபோர்டுஷயரின் ஸ்டோன்ஸ்ஃபீல்டு என்னும் ஊரில் இதற்கான கல்லை வெட்டியெடுத்து, உள்ளீரம் காயாமல் பாதுகாத்து, குளிர்காலத்தில் உறைபனி விழும்போது தரையில் பரப்பிவிடுவது அக்காலத்து வழக்கம். கல்லுக்குள் இருக்கும் ஈரம் உறைந்து பருத்து, உளி செய்ய வேண்டிய வேலையைத் தானே செய்து, கல்லை ஏடு ஏடாகப் பிளந்துவிடும். பனி ஏமாற்றிய வருஷத்தில் ஓடும் ஏமாற்றும். இப்படிக் குளிரையும் ஈரத்தையும் கூலியில்லா வேலையாட்களாக வைத்துக்கொண்டு கட்டிய வீட்டுக்குள் புகுந்துகொண்டு, நாங்கள் அவ்விரண்டோடும் சண்டைக்கு நின்றோம்.

சண்டை வெள்ளிக்கிழமை இரவே தொடங்கிவிட்டது. இரண்டடிக் கனமுள்ள கற்சுவர். ஆள் இல்லாமல் சில நாட்களாக ஆறிக் கிடந்த வீடு. கணப்பில் வைத்திருந்த இரும்பு அடுப்பில் மகன் ஒரு கூடை விறகையும் திணித்துக் கொளுத்த, அரை மணியில் முகம் பொசுங்கிற்று, முதுகு விறைத்தது, பத்து மணிக்கு விறகு தீர்ந்தது, விடியற்காலையில் வீடு பழையபடி கிணற்றைப் போலக் குளிர்ந்து கிடந்தது. சனிக்கிழமை மழையில் நனைந்த துணிகளைக் கூடத்திலேயே கொடி கட்டிக் காயப்போட்டு, காற்று நுழையும் இடுக்குகளையெல்லாம் துண்டுகளைச் சுருட்டி அடைத்தோம். ஞாயிறு காலை ஜன்னல் கண்ணாடிகளில் நீர் தாரையாக வழிந்தது. போர்வை, தொட்டால் சில்லென்றது. பேரன் ஒவ்வொரு கண்ணாடியிலும் விரலால் தன் பெயரை எழுதிக்கொண்டு சந்தோஷமாக இருந்தான்.

அன்று மத்தியானம், வீட்டைக் கவனித்துக்கொள்ளும் மூதாட்டி விறகு கொண்டுவந்தார். கொடியைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், ஒன்றும் பேசாமல் இடுக்குகளிலிருந்த துண்டுகளை ஒவ்வொன்றாக உருவி, மடித்து, என் மனைவியின் கையில் கொடுத்தார். பிறகு அடுப்பின் முன் மண்டியிட்டு உட்கார்ந்து, கூடையிலிருந்து இரண்டு கட்டைகளை எடுத்து ஒன்றோடொன்று தட்டினார். கணீரென்று கேட்டால் உலர்ந்த விறகு. மொத்தென்று கேட்டால் ஈர விறகு, புகையைத் தவிர அதனால் பிரயோஜனமில்லை. தேங்காயைத் தட்டிப் பார்த்து வாங்கியே பழகிய என் மனைவிக்கு இந்தப் பரீட்சை ஒரு வார்த்தையும் மொழிபெயர்க்காமலே விளங்கிவிட்டது. பழைய சாம்பலை நாங்கள் சிரத்தையாக வழித்துக் கொட்டியிருந்தோம். அது தவறாம், ஓரங்குலம் சாம்பல் மெத்தை இருந்தால்தான் தணல் தங்கும். அதன்மேல் விரற்கடை இடைவெளி விட்டு இரண்டு கட்டைகள், அவற்றின் குறுக்கே சுள்ளிகள், உச்சியில் நெருப்பு. தீயை அடியில் வைக்காமல் தலையில் வைத்து இறங்க விட்டார். கட்டைகள் பற்றிக்கொள்ளும் வரை காற்றுத் துளையை முழுவதும் திறந்து வைத்து, பற்றியதும் பாதி மூடி, இனி ஒவ்வொரு கட்டையாக மாத்திரம் போட்டுவரும்படி சொன்னார். "அறையைச் சூடாக்கப் பார்க்கிறீர்கள். சுவரைச் சூடாக்குங்கள். அது பிடித்துக்கொள்ள இரண்டு நாள் ஆகும், பிடித்துக்கொண்டால் இலேசில் விடாது" என்பது அவர் வாக்கு. செவ்வாய்க்கிழமை இரவு கணப்புச் சுவரில் முதுகைச் சாய்த்துப் பார்த்தேன். வெயிலில் நின்ற மாட்டின் விலாவைப் போல வெதுவெதுப்பாக இருந்தது.

இடுக்குகளை அடைக்கலாகாது என்பதற்கும் காரணம் உண்டு. இத்தகைய சுவர்களைச் சுண்ணாம்புக் காரை கொண்டு எழுப்பியிருக்கிறார்கள்; உள்ளே வரும் ஈரம் அந்தக் காரை வழியாகவே மெல்ல வெளியேறிவிடும். பிற்காலத்தில் உறுதிக்கென்று சிமெண்டு பூசியவர்கள், வந்த ஈரத்துக்குப் போகும் வழியைச் சாத்திவிட்டு, கல் உதிர்கிறதே என்று கவலைப்பட்டார்கள். பழங்கட்டடங்களைச் சீர்திருத்துகிறோம் என்ற பெயரால் சுரண்டிப் பாழாக்குவதை எதிர்த்து 1877-இல் சங்கம் கண்ட வில்லியம் மாரிஸ், வேனிற்காலங்களில் வந்து வசித்த கெல்ம்ஸ்காட் மாளிகை இவ்விடத்திலிருந்து அதிக தூரமில்லை. 1947-ஆம் வருஷத்துச் சட்டத்தின் பிறகு இம்மாதிரி வீடுகள் பல அரசாங்கப் பட்டியலில் ஏறியிருக்கின்றன. அனுமதியின்றி அவற்றின் உருவத்தை மாற்றுவது தண்டனைக்குரிய குற்றம். ஆதலால் ஜன்னலுக்கு ஏன் இரட்டைக் கண்ணாடி போடவில்லை என்று வீட்டுக்காரரைக் கோபித்துப் பயனில்லை. கம்பளிச் சட்டை ஒன்று கூடுதலாக எடுத்துப் போவது சுலபம்.

சமையல் விஷயத்தில் எங்களுக்கு நேர்ந்தது வேறு தினுசு. திங்கட்கிழமை மாலை சாம்பாருக்குத் தாளிக்க, என் மனைவி எண்ணெயைக் காயவைத்து, கடுகு வெடித்து, மிளகாய் வற்றலைப் போட்டாளோ இல்லையோ, கைக்கெட்டும் உயரத்து உத்தரத்தில் பொருத்தியிருந்த ஸ்மோக் அலாரம் ஊரையே எழுப்பும்படி வீறிட்டது. பேரன் நாற்காலிமேல் ஏறிச் செய்தித்தாளால் விசிற, நான் எல்லாக் கதவுகளையும் திறக்க, இரண்டு நாள் பாடுபட்டுச் சேர்த்த உஷ்ணமெல்லாம் தெருவுக்குப் போய்ச் சேர்ந்தது. இன்னொன்று: அக்கிராமத்து வீடுகள் பலவற்றிற்குப் பொதுச் சாக்கடை கிடையாது, கழிவுநீர் தோட்டத்தில் புதைத்த தொட்டிக்குப் போகிறது. பொரித்த எண்ணெயைத் தொட்டி முற்றத்தில் ஊற்றும் நம் பழக்கத்தை ரெடிங்கிலேயே விட்டுவிட்டு வரவேண்டும். ஒரு டப்பாவில் ஊற்றி ஆறவிட்டுக் குப்பையில் போடலாம். அரிசி, பருப்பு, ரசப்பொடி, ஒரு சிறு வாணலி ஆகியவற்றையும் கொண்டுபோய்விடுங்கள். ஊர்க்கடை ஐந்து மணிக்குச் சாத்திவிட்டது. பப்பின் சமையலறை பகல் இரண்டரைக்கே அடங்கிவிட்டது. மூன்று மணிக்குப் பசியோடு போய் நின்ற நாங்கள் ஆளுக்கொரு உருளைக்கிழங்கு வறுவல் பொட்டலம் தின்று திரும்பினோம். வெந்நீருக்கும் தண்ணீருக்கும் தனித்தனிக் குழாய் இருந்ததைப் பற்றி எழுதப் புகுந்தால் வசைமொழியாகிவிடும், விட்டுவிடுகிறேன்.

வீட்டுக்கு வெளியேதான் அந்நாட்டில் நான் கண்ட உத்தமமான விஷயம் இருக்கிறது. தனியாருடைய வயலின் நடுவே, விதைத்த நிலத்தின் ஊடாகவே, பொதுப்பாதைகள் செல்கின்றன. அவற்றில் நடப்பது சலுகையன்று, சட்டம் அளித்த பாத்தியதை. மஞ்சள் அம்பு கண்டால் நடப்பவர்களுக்கு, நீல அம்பானால் குதிரைக்கும் சேர்த்து. ஒரு மைல் தூரத்தை ஏறக்குறைய இரண்டரை அங்குலத்தில் காட்டும் அரசாங்க சர்வே வரைபடத்தில் ஒவ்வொரு வேலியும் குறித்திருக்கிறது. கைபேசிக்குச் சமிக்ஞை கிடைக்காத பள்ளத்தாக்குகளில் அந்தக் காகிதமே துணை. பாதையில் எதிர்ப்படும் கேட்டைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. திறந்து கிடந்த ஒன்றை நான் நல்ல பிள்ளையாகச் சாத்திவிட்டு வந்தேன். பின்னாலேயே வந்த குடியானவர், ஆடுகள் தண்ணீருக்குப் போகும் வழியைச் சாத்திவிட்டதாக வெகு மரியாதையுடன் தெரிவித்தார். மூடியிருந்ததை மூடிவிட்டும், திறந்திருந்ததைத் திறந்தபடியே விட்டும் போவதுதான் அங்கு முறை.

அந்த ஆடுகள் சாமானியமானவையல்ல. இப்பிரதேசத்தின் தேவாலயங்களும் கல்வீடுகளும் மத்தியகாலத்தில் அவற்றின் முதுகிலிருந்து கத்தரித்த கம்பளியால் எழும்பியவை. நார்த்லீச் தேவாலயத்தின் தரையில் கம்பளி வியாபாரிகளுக்குப் பதித்த பித்தளைத் தகடுகளில், கைகூப்பி நிற்கும் செல்வர்களின் காலடியில் ஆட்டையும் கம்பளிப் பொதியையும் செதுக்கியிருக்கிறார்கள். அவ்வாலயத்தின் நடுமண்டபத்தைப் புதுப்பிக்கப் பொருள் கொடுத்து 1458-இல் இறந்த ஜான் ஃபோர்டி என்பவரின் தகடும் அங்கே உண்டு. சம்பாத்தியம் எங்கிருந்து வந்ததென்று மோட்சத்திலும் ஒளிக்காத மனிதர்கள். பைபரியில், 1380-ஆம் வருஷ வாக்கில் மடத்தாரின் கம்பளிக் கிடங்காகக் கட்டப்பட்டு, பதினேழாம் நூற்றாண்டில் நெசவாளர் குடியிருப்பாக மாற்றப்பட்ட ஆர்லிங்டன் ரோ என்னும் வீட்டு வரிசையைப் பார்க்கப் பகலில் போனால் படம் எடுப்பவர்களின் தலைகளைத்தான் பார்க்கலாம். காலை எட்டு மணிக்குள் போய்விடுங்கள், சத்தமில்லாமல் நடங்கள், அந்த வீடுகளில் இன்றும் ஆட்கள் குடியிருக்கிறார்கள்.

எங்கள் வீட்டின் பக்கச்சுவரில் கல் வைத்து அடைத்த ஜன்னல் ஒன்று இருந்தது. 1696 முதல் 1851 வரை அமலில் இருந்த ஜன்னல் வரிக்குப் பயந்து அடைத்தது என்று வீட்டுக் குறிப்பேட்டில் எழுதியிருந்ததைப் பேரன் உரக்கப் படித்தான். ஆரம்பத்தில் பத்து ஜன்னலுக்குக் குறைந்த வீட்டுக்கு அந்தக் கூடுதல் வரி இல்லையென்பது எனக்கு ஞாபகம் வர, இருவருமாக வீட்டைச் சுற்றி எண்ணினோம். அடைத்ததையும் சேர்த்து ஆறுதான். குறிப்பேடுகளை முற்றும் நம்பவேண்டாம் என்று பேரனுக்குச் சொன்னேன். அவன் நம்புவதையே விரும்பினான்.

மறுமுறை போவதானால் பள்ளி விடுமுறை முடிந்த மறுவாரம் போவேன், வாடகை இறங்கிவிடுகிறது. வைஃபை உண்டா, விறகு வாடகையில் சேர்ந்ததா, மாடிப்படிக்குக் கைப்பிடி உண்டா என்று முன்கூட்டியே கேட்பேன். 1965-இல் தொடங்கிய லேண்ட்மார்க் டிரஸ்ட் என்னும் தர்ம ஸ்தாபனம், இடியும் நிலையிலிருந்த பழங்கட்டடங்களை மீட்டு, வாடகைக்கு விட்டு, அந்த வருமானத்தைப் பராமரிப்புக்கு உதவும்படி செய்துவருகிறது. அவ்வீடுகளில் தொலைக்காட்சிப் பெட்டி வைப்பதில்லை, நல்ல புஸ்தகங்கள் வைத்திருக்கிறார்கள். எனக்கு அது சரி. மருமகளிடம் கேட்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குள் காலி செய்ய வேண்டும். வருகிறவர்கள் எழுதிவைக்கும் நோட்டுப் புஸ்தகத்தைப் புரட்டினேன். வீடு குளிர் என்று நான்கு பேர் எழுதியிருந்தார்கள். சாம்பல் மெத்தையிலிருந்து காற்றுத் துளை வரை மூதாட்டி கற்பித்த முறையை இங்கிலீஷில் ஒரு பக்கம் எழுதி முடித்தபோது, என் மனைவி பேனாவை வாங்கி, கீழே தமிழில் ஒரே வரி எழுதினாள்: "தாளிக்கும் முன் ஜன்னலைத் திறந்துகொள்ளவும்."

"இதைப் படிக்க இங்கே யார் வரப்போகிறார்கள்?" என்றேன்.

"ஏன், நாம வரலையா?" என்று சொல்லிவிட்டு, வாணலியைத் துணியில் சுற்றிக்கொண்டு, நிலைக்குக் குனிந்து வெளியே போனாள்.